பொம்மைக்கு இல்லை

இராமலெட்சுமி அக்காவுக்காக நாங்கள் பின்னிய முதல் மார்பு முளைத்துவிட்டது.

இப்படித் தொடங்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மாலை வகுப்பு உள்ள நாட்களில் வீட்டுக்கு வந்ததும் டயறி எழுதுவது என் வழக்கம். எழுதியதைத் திரும்ப வாசித்துப் பாதியை வெட்டுவதும் என் வழக்கம்தான். இந்த வரியையும் வெட்டினேன். பிறகு அதையே மறுபடி எழுதினேன். நடந்தது அதுதான்.

வகுப்பு கொட்டாஞ்சேனையில், பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கும் ஒரு டியூட்டரியின் மாடியில் நடக்கிறது. குரோஷேயும் ஊசிப் பின்னலும் பழக்குகிறார்கள். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன். வேலை முடிந்து நேரே அங்கே போவேன். என் ஒரு பக்கத்தில் டோரின் அன்ரி இருப்பார். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். வாயும் ஓயாது, கையும் ஓயாது. அவருடைய பின்னல் மீன்வலை மாதிரித் தளர்வாக இருக்கும். என்னுடையது நேரெதிர். "என்ன பிள்ள இது, ஊசி போனா வராது போல இருக்கே? நூலோட உனக்கு என்ன கோவம்?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் "சொறி அன்ரி" என்பேன். எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது.

மறுபக்கத்தில் இராமலெட்சுமி அக்கா. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இளம் வயதிலேயே கொழும்புக்கு வந்தவர். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையின் முன் கவுண்டரில் நின்றவர். 'நின்றவர்' என்றுதான் எழுதவேண்டியிருந்தது.

சேலைக் கடையில் முன்னால் நிற்கும் பெண்களுக்குச் சேலையை மேசையில் விரித்துக் காட்டுவதோடு வேலை முடியாது. கேட்டால் தங்கள் இடது தோளில் போட்டு, முந்தானையை இறக்கி, கண்ணாடி முன் நின்று காட்டவேண்டும். இராமலெட்சுமி அக்காவுக்குப் புற்றுநோயில் எடுக்கப்பட்டதும் இடது மார்புதான். சிகிச்சை எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி திரும்பவும் வளர்ந்து, அவர் வேலைக்குப் போன முதல் நாளே மனேஜர் கஜேந்திரன் மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்: "அக்கா, நீங்கள் கொஞ்ச நாளைக்குப் பின்னால ஸ்டோர்ஸில இருங்கோவன். சேலை விழுற விதம் ஒண்டு இருக்குத்தானே."

கொஞ்ச நாள் என்பது மாதங்களாகிவிட்டது. அக்கா அப்போதும் பின்னால் இருந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவருடைய முன் கவுண்டர் வேண்டும்.

உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பு ஒன்றை யாரோ கொடுத்து, வைத்துப் பார்த்தார். வியர்வையில் தழும்போடு ஒட்டிக்கொண்டது. "நாமளே ஒண்ணு பின்னினா என்னங்க?" என்று வகுப்பில் கேட்டது அவர்தான். டோரின் அன்ரி உடனே ஒன்றைப் பின்னிப் பஞ்சு அடைத்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு அக்கா பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தார். பஞ்சுக்குப் பாரமில்லை. அது மெதுவாக ஏறிக் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பாரம் வேண்டும் என்று தெரிந்ததும் அன்ரி பஞ்சை எடுத்துவிட்டுப் பச்சைப்பயறு நிரப்பினார். பாரம் சரியாக இருந்தது. ஆனால் அக்கா அதைத் தோய்த்து அறைக்குள் கொடியில் போட்டார். பயறை வெளியே எடுக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது காய்வதற்குள் அன்ரியின் பின்னல் ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அதை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். டோரின் அன்ரி எடுத்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, நான் செஞ்சதுக்கு உசிர் இருக்கு!" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எல்லோரையும் விட அதிகம் சிரித்தது அக்காதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்ததுக்குக் கண்ணாடி மணி போடுங்க. அது முளைக்காது. திங்கக்கிழமை நான் முன்னாடி நிக்கணும்" என்றார்.

"மனேஜர் ஓமெண்டிட்டாரா?" என்று கேட்டேன்.

"அவர்கிட்ட யாரு கேட்டா?"

அப்படித்தான் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நூல் கடைகளுக்குக் கிளம்பினோம். என்ன வேண்டும் என்பதை நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். வூல் சரிவராது, தழும்பில் குத்தும். நைலோன் கலந்ததும் வேண்டாம், வேர்க்கும். நல்ல மெதுவான கொட்டன் நூல் வேண்டும். நிறம் அக்காவின் தோல் நிறமாக இருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் மிகச் சுலபம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் கொட்டாஞ்சேனையிலேயே இன்ஸாப் நானாவின் கடைக்குப் போனோம். ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே நுழையலாம். பொத்தான், ஸிப், லேஸ், எல்லாவற்றுக்கும் மேலே கூரை வரைக்கும் நூல். டோரின் அன்ரியைக் கண்டதும் அவர் எழுந்தார்.

"வாங்கோ, வாங்கோ. மேசை விரிப்பு முடிஞ்சா?"

"அத விடுங்க நானா. ஸ்கின் கலர்ல கொட்டன் நூல் காட்டுங்க. நல்ல சொஃப்டா."

"என்னத்துக்கு?"

அன்ரி எங்களை ஒரு தடவை பார்த்தார். குரலைக் குறைத்து, "பொம்மைக்கு" என்றார். குரலைக் குறைக்கத் தேவையில்லாத பொய்.

நானா ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே இருந்தது ரோஸ் கலந்த வெள்ளை. ரோஸ் சாயம் போட்ட தேங்காய் ரொபியின் நிறம் என்று சொல்லலாம். அக்கா தன் முன்கையை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே விட்டார்.

"இது யாரோட ஸ்கின்னுங்க?"

நானா சிரித்தார். "பொம்ம எல்லாம் வெள்ளையாத்தானே வருது. எல்லாரும் இதத்தான் எடுக்கிற."

"கறுத்த பொம்மைக்கு இல்லையா?"

"அப்பிடி ஆரும் கேக்கல்லையே."

அவரில் பிழை இல்லை. நாங்கள்தான் பொம்மை என்றோம். அவர் மண்ணிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். நிறம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் கழுத்தில் வைத்து உரசிப் பார்த்தபோது தேங்காய்த் தும்பு மாதிரி இருந்தது. நூல் வாங்கும்போது நாங்கள் கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. கன்னத்திலும் கழுத்திலும் வைத்துப் பார்ப்போம். தோலுக்குத்தான் தெரியும். அக்கா தலையை ஆட்டினார். கண்ணாடி மணி மட்டும் வாங்கினோம். வெள்ளவத்தையில் சின்னராசா முதலாளியிடம் வெளிநாட்டு நூல் வரும், அங்கே போங்கள் என்று நானாவே சொன்னார்.

155 பஸ் நிரம்பி வழிந்தது. கொண்டக்டர் சிங்களத்திலும் தமிழிலும், "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னால போங்க, முன்னால போங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். அக்கா கம்பியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பஸ்ல மட்டுந்தான் தங்கச்சி என்னைய முன்னாடி போகச் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் டோரின் அன்ரி சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. "நான் சொல்றேன் கேளுங்க. வெள்ள நூல வாங்குவம். தேயிலச் சாயத்தில முக்கி எடுப்பம். நல்ல பிளேன்டீ மாதிரி வந்தா உங்கட நிறம் வந்திரும்."

"எங்கம்மா கொழுந்த முதுகில சுமந்தாங்க. பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் சுமந்தேன்" என்றார் அக்கா. "இப்ப நெஞ்சுக்குள்ளயும் தேயிலையா? வேணாங்க அக்கா. போதும்."

அன்ரி அக்காவின் கையிலிருந்த மணிப் பையைத் தான் வாங்கிக்கொண்டார். 

சின்னராசா முதலாளியின் கடை காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏஸி. நூல் பந்துகள் நிறவாரியாகப் பழக்கடை மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமை என்பதால் சனம் இருந்தது. குழந்தைக்குத் தொப்பி பின்ன நூல் தேடும் இருவர், பெரிய கைப்பையோடு ஒரு அம்மா, வேறு சிலர். அந்த நிறங்களைப் பார்த்ததும் டோரின் அன்ரிக்குக் கை துறுதுறுத்தது. எனக்கும்தான்.

அக்கா ஒரு பந்தை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"அக்கா, உரசவேண்டாம்" என்றார் முதலாளி கவுண்டருக்குப் பின்னாலிருந்து. "மற்றாக்களும் வாங்குற சாமான். என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்."

"மெதுவான கொட்டன் வேணும். ஸ்கின் கலர்" என்றேன் நான்.

வந்தது அதே ரோஸ் கலந்த வெள்ளை. பெட்டி மட்டும் பெரிது. லேபலில் இன்னும் அழகான எழுத்து.

"இதைவிடக் கறுப்பா இல்லையா?"

"ஸ்கின் கலர் எண்டா இதுதான் பிள்ளை. என்ன செய்யப் போறீங்கள்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு ஆணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பொம்…" என்று தொடங்கினேன்.

"பொம்மைக்கு இல்லைங்க" என்றார் இராமலெட்சுமி அக்கா.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முன் கவுண்டரில் வருடக்கணக்காக நின்ற குரல் அது. கடைசியில் நிற்கும் ஆளுக்கும் கேட்கும்.

"எனக்குத்தான். இடது பக்க மார்ப எடுத்துட்டாங்க. அந்த எடத்துக்குப் பின்னி வைக்கப் போறோம். அதுக்குத்தான் நூலு. அதுக்குத்தான் கழுத்துல வச்சுப் பாத்தேன். குத்திச்சின்னா தழும்பு புண்ணாயிரும்."

 கைப்பைக்கார அம்மா கையிலிருந்த நூலை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். சின்னராசா முதலாளியின் முகம் சிவந்துபோனது. அவர் ஒரு கறுத்த பையை எடுத்து, ரோஸ் வெள்ளைப் பந்துகளை அவசரமாக உள்ளே போட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குத் தெரியாது. இதைக் கொண்டு போங்கோ. உள்ளுக்குப் போடுறதுதானே அக்கா, ஆர் பாக்கப் போகினம்? எந்தக் கலரா இருந்தா என்ன?"

அக்கா பையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பிறகு சுவர் முழுக்க அடுக்கியிருந்த நிறங்களைப் பார்த்தார்.

"அட, ஆமாங்க" என்றார். "எந்தக் கலரா இருந்தா என்ன?"

கறுத்த பைக்குள் கையை விட்டு, பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பையை மடித்து அவற்றின் மேல் வைத்தார். "அந்தக் குங்குமச் சிவப்ப எடுங்க. அந்தா, மேல, மயில்கழுத்தையும் எடுங்க."

நீலமுமல்லாமல் பச்சையுமல்லாமல், வெளிச்சம் பட்டால் இரண்டுமாக மினுங்கும் நிறத்தைச் சேலைக் கடையில் அப்படித்தான் சொல்வார்களாம். அவர் இரண்டையும் கழுத்தில் வைத்து உரசினார். முதலாளி பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"சிவப்பு" என்றார் அக்கா. "சிவப்பே இருக்கட்டும்."

இங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். புகுந்திருக்கக்கூடாது என்று அப்போதே நினைத்தேன். அவர் சந்தோஷமாக ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறார், அதில் நான் போய் மூக்கை நுழைக்கிறேன். ஆனால் கடும் நிறக் கொட்டன் சாயம் விடும். தெரிந்துகொண்டும் எப்படிச் சும்மா இருப்பது? சிவப்பு நூலின் நுனியை நாக்கில் நனைத்து, என் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன்.

"பிள்ளை! வாயில வைக்கிறீரோ?" என்றார் முதலாளி.

கைக்குட்டையில் ரோஸ் கோடு விழுந்தது. அதை அக்காவிடம் காட்டினேன். "வேர்த்தா சட்டையில பிடிக்கும் அக்கா." அடுத்து மயில்கழுத்தை நனைத்துத் தேய்த்தேன். ஒன்றும் பிடிக்கவில்லை. நன்றாக அழுத்தித் தேய்த்தேன். அப்போதும் இல்லை.

"அப்ப மயில்கழுத்து" என்றார் அக்கா. சிவப்பை விட்டதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு இன்னொன்றும் பார்க்கவேண்டியிருந்தது. இந்த நூலில் என் கைக்கு எத்தனை இறுக்கம் வரும், மணி வெளியே வருமா என்று பின்னிப் பார்க்காமல் தெரியாது. லேபலைக் கழற்றினேன். பையிலிருந்து குரோஷே ஊசியை எடுத்தேன். கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பின்னத் தொடங்கினேன்.

"இதென்ன, இஞ்ச இருந்து பின்ன ஏலாது பிள்ளை. வீட்டில கொண்டு போய்ப் பின்னுங்கோ. பின்னால ஆக்கள் நிக்கினம்."

'சொறி' என் தொண்டை வரை வந்தது. எப்போதும் வருவதுதான். அந்த நேரம் என் கையில் ஒரு கண்ணி பாதியில் நின்றது. அதை முடித்தேன்.

"ரெண்டு சுற்று வேணும்" என்றேன். "பாக்காமல் வாங்கிக்கொண்டு போய்ப் பிழைச்சால் திங்கக்கிழமைக்குள்ள திரும்பி வர ஏலாது. பின்னி முடிச்சிட்டுத்தான் போவன்."

கையை நிறுத்தாமல்தான் சொன்னேன்.  டோரின் அன்ரி என் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "பில் போடுறத நீங்க போடுங்க முதலாளி. இவ இந்தப் பக்கம் பின்னட்டும். கவுண்டர் நீளந்தானே?"

"கரண்ட் பில் கட்டுறது நான்" என்று முணுமுணுத்தார் அவர். ஆனால் மற்றவர்களைக் கவுண்டரின் அடுத்த பக்கத்துக்குக் கூப்பிட்டார். கைப்பைக்கார அம்மா மட்டும் போகவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னி முடித்த துண்டைக் கிண்ணம் மாதிரி வளைத்து, உள்ளே மணிகளைப் போட்டுக் குலுக்கினேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. டோரின் அன்ரி அதை வாங்கி விரலால் குத்திப் பார்த்தார். "அடி, தண்ணியும் போகாது போல இருக்கே. உள்பை நீதான் பின்னு. நான் பின்னினா மறுபடி மீன்வலைதான்."

பணத்தைக் கொடுத்ததும் முதலாளி திரும்பவும் கறுத்த பையைத் தேடினார். அக்கா வேண்டாம் என்று கையை அசைத்தார். மயில்கழுத்து நூல் பந்துகளைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி வெளியே போனார். இடது தோளால்.

மணி போடும் உள்பையை நான் பின்னினேன். வெளியே வரும் உறையை அக்கா தானே பின்னினார். ஞாயிறு முழுக்க எனக்குச் சந்தேகம்தான். பாரம் கூடிவிட்டதோ, வடிவம் பிழைத்ததோ, மணி சத்தம் போடுமோ என்று அவருக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினேன். கடைசியில் ஒரு பதில் வந்தது: "தூங்கு தங்கச்சி."

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நானும் டோரின் அன்ரியும் வெள்ளவத்தைக்குப் போனோம். வாடிக்கையாளர்கள் மாதிரிச் சேலைக் கடைக்குள் நுழைந்தோம். முன் கவுண்டரில் வேறு ஒரு பெண் நின்றாள். அக்காவைக் காணவில்லை.  பின்னிய மார்பு மேலே ஏறியிருக்கும். அல்லது விழுந்திருக்கும். என் இறுக்கமான பின்னல் தழும்பில் அழுத்தியிருக்கும்.

கல்யாண வீட்டுக்காரர் போல ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி நின்றது. நடுவில் நின்ற பெண்ணின் தாய், "போட்டுக் காட்டுங்கோவன், விரிச்சுப் பார்த்தா விளங்குதில்ல" என்றார். கவுண்டர் பெண் வேறொருவருக்குச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிசம் அன்ரி" என்றாள்.

அப்போது பின்பக்கத் திரை விலகியது. இராமலெட்சுமி அக்கா வெளியே வந்தார். நேரே மேசைக்கு வந்து, அந்தச் சேலையை எடுத்து, ஒரு வீச்சில் மடிப்பெடுத்து, இடது தோளில் போட்டார்.

கஜேந்திரன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நல்ல பிள்ளை முகம். சத்தமில்லாமல், "அக்கா, பெட்டி எல்லாம் அடுக்கி முடிஞ்சுதோ?" என்றார்.

"இல்ல தம்பி."

"பிறகு… நிண்டு காட்டுறது உங்களுக்குக் கஷ்டம் எண்டுதானே நான்…"

"எனக்குக் கஷ்டமா இருக்குன்னு நான் ஒருநாளும் சொல்லல்லையே தம்பி. நீங்கதான் சொன்னீங்க." அவர் கண்ணாடியைப் பார்த்தபடி முந்தானையைச் சரிசெய்தார். "சேலை எப்பிடி விழுது பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்க்கவேண்டியிருந்தது. மணப்பெண்ணின் தாயும் பார்த்தார், மணப்பெண்ணும் பார்த்தாள். தோளிலிருந்து இறங்கிய சேலை எங்கும் குழியாமல், எங்கும் தூக்காமல் விழுந்து நின்றது.

"நல்லா இருக்கு" என்றாள் மணப்பெண். "ஆனா இந்தக் கலர் வேண்டாம். மேல் தட்டில இருக்கிறதைப் பாக்கலாமா?"

மேல் தட்டு. நான் டோரின் அன்ரியின் கையைப் பிடித்தேன். பஸ் கம்பியைவிட உயரம். கஜேந்திரனும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, "நான் எடுக்கிறன் அக்கா" என்று முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க" என்றார் அக்கா.

தோளில் கிடந்த சேலையை மேசையில் இறக்கிவிட்டு ஸ்டூலில் ஏறினார். இடது கையை நீட்டினார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி மாதக்கணக்காகச் சுவரில் விரல்களை மேலே நடத்திப் பழகிய கை அது. மெதுவாக, முழு நீளத்துக்கும் போனது. நான் அவர் கையைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. எங்கேயும் ஏறவில்லை. வைத்த இடத்தில் இருந்தது.

"முளைக்கவும் இல்ல" என்று டோரின் அன்ரி என் காதுக்குள் சொன்னார்.

அக்கா சேலைகளை அணைத்துக்கொண்டு இறங்கினார். கஜேந்திரன் இன்னும் அங்கேயே நின்றார். அக்கா அவரைச் சுற்றிப் போகவில்லை. எதிரே நின்றார். அவர் ஒதுங்கும்வரை நின்றார். அவர் ஒதுங்கினார். பிறகு கஜேந்திரன் எதையோ நினைத்தவர் மாதிரித் திரையை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பெட்டிகள் நகரும் சத்தம் கேட்டது.

சேலைகளை மேசையில் விரித்துக்கொண்டே அக்கா எங்களைக் கண்டார். தெரிந்தவர்கள் என்று காட்டிக்கொள்ளவில்லை. முன் கவுண்டரின் குரலில், கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"வாங்க தங்கச்சி, என்ன கலர் பாக்கிறீங்க?"

நானும் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "மயில்கழுத்து."